யாழும் வீணையும்

பண்டைத் தமிழர் மீட்டிய யாழே பிற்காலத்தில் வீணை எனப் பெயர்மாறி வழங்கியது என்பார் பலர். இரண்டும் நரம்புக் கருவிகள் என்னும் ஒப்புமையன்றி இக்கூற்றுக்கு வேறு ஆதாரம் காண்டலரிது. மாணிக்கவாசக சுவாமிகள் திருப்பள்ளியெழுச்சியிலே வீணை வாசிப்போரையும் யாழ் வாசிப்போரையும் வேறுவேறாகவே சுட்டுகின்றார். இரண்டும் ஒன்றாயின் இருதிறத்தாரைக் கூறவேண்டியதில்லை.

வடிவினை நோக்கின் வேற்றுமை தெளிவாகும். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் யாழினை உறுப்புறுப்பாக வருணித்துள்ளார். மான்குளம்பின் சுவடுபோலப் பகுப்புடைய பத்தர். அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல். தலையெடுத்த பாம்புபோல் நிமிர்ந்தெழும் கோடு. அக்கோட்டினின்றும் பத்தருக்குக் கட்டப்பட்ட நரம்பு ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு சுரத்தையே ஒலிக்கும். ஆதலினாலேயே பேரியாழுக்கு 21 நரம்புகள் வேண்டியிருந்தன; செங்கோட்டியாழுக்கு 7. பர்மாவில் இன்றும் வழங்கும் சௌங் என்னும் கருவியைக் கண்டோர் இவ்வமைப்பினை எளிதில் உணர்வர்.

ஈண்டு ஒரு சிக்கலும் உண்டு. வடநாட்டிலும் முற்காலத்தில் வீணை எனப்பட்டது பெரும்பாலும் இத்தகைய வில்வடிவக் கருவியே. 4ஆம் நூற்றாண்டினனாகிய சமுத்திரகுப்தனின் பொன்நாணயமொன்றில் அம்மன்னன் மடிமீது வைத்து மீட்டுவது அதுவே. பின்னரே அப்பெயர் தண்டியுடைய கருவிக்கு உரியதாயிற்று. ஆகவே பெயரை மாத்திரம் பற்றி வாதிடுவோர் இருபாலாரும் வழிதவறுவர்.

யாழ் வழக்கொழிந்ததேன்? இவ்வினாவுக்கு விடைதேடுவோர் 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் கூறிய யாழ்மூரி வரலாற்றினை ஊன்றிப் படித்தல் வேண்டும். திருஞானசம்பந்தர் பதிகங்களின் சிறப்புத் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழினாலாயது எனச் சுற்றத்தார் புகழ, அது பொறாத பாணர் யாழிலடங்காப் பதிகமொன்று பாடுமாறு பிள்ளையாரை வேண்டினார். தருமபுரத்தில் அப்பதிகம் எழுந்தது. நரம்பு குரலைத் தொடரமாட்டாதாயிற்று. யாழை முறிக்கப் புகுந்த பாணரைத் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு பிள்ளையார் பணித்தார். பத்திச் சுவையோடு இசைவரலாற்றுண்மையொன்றும் இதிற் பொதிந்துள்ளது போலும்! அசைவும் குழைவும் மிக்க பாடன்முறைக்கு, ஒரு நரம்பு ஒரு சுரம் என நின்ற கருவி ஈடுகொடுக்கவில்லை.

வீணையின் நிலை வேறு. மெட்டின்மேல் தந்தியை அழுத்திப் பக்கமாக இழுக்கவே ஒரு சுரம் அடுத்ததனுட் குழையும், கமகம் பிறக்கும். தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மெழுகிற் பதித்த 24 நிலையான மெட்டுக்களோடு இன்றைய வீணை உருப்பெற்றது என்பர். அம்மன்னரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தமைக்கு, ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக நின்ற மெட்டுக்கள் துணைசெய்தன எனக் கொள்வது பொருந்தும்.

யாழ்பாடி பரிசிலாகப் பெற்றதெனக் கன்னபரம்பரை கூறும் யாழ்ப்பாணத்திலும் இன்று இல்லந்தோறும் கேட்பது வீணையொலியே. மறைந்த கருவியை நூல்வழியே மீட்கும் பணி கீழ்மாகாணத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு வாய்த்தது. சிலப்பதிகார உரைகளைக் கணிதமுறையால் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல், 1947 யூன் 5ஆம், 6ஆம் நாட்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. நோயுற்றிருந்தும் அடிகள் ஆங்குச் சென்றார். யூலை 19ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.