கமலையில் இருந்து கைப்பேசி வரை: எங்க ஊருக்கு ரிமோட் வந்த கதை

பட்டணத்துல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா இப்போ ஒரு புதுச் சங்கதி பார்க்கிறேன். சோபாவுல உட்கார்ந்து பட்டனை அமுக்கினா கால் பக்கம் தானா மேல வருது. கட்டிலோட தலைமாடு உயருது. ஜன்னல் திரை ரிமோட்டுல விலகுது. "உங்க ஊருக்கெல்லாம் இது எப்ப வரும் மாமா"ன்னு பிள்ளைகள் கேட்கும். எங்க ஊருக்கு ரிமோட் வந்து ரொம்ப நாளாச்சு. வீட்டுக்குள்ள வரலை, கிணத்து மேட்டுக்கு வந்துச்சு.

அந்தச் சோபாவுக்கு அடியில இருக்குறது ஒரு சின்ன மோட்டார். அது திருகு போட்ட ஒரு தண்டைச் சுத்தும், தண்டு நீண்டு பலகையைத் தூக்கும். மோட்டாருக்குக் கரண்டை விடு, நிறுத்துன்னு சொல்றது மட்டும்தான் ரிமோட்டோட வேலை. எங்க பம்புசெட்டிலும் அதே வேலைதான். மோட்டார் பெரிசு, தூரம் அதிகம், அவ்வளவுதான்.

தூரத்துல இருந்து தண்ணிக்கு உத்தரவு போடுறது தாமிரபரணிக் கரைக்குப் புதுசு இல்லை. ஆத்துல கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்னு எட்டு அணைக்கட்டு இருக்கு. ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்துல, 1870-களில் முடிஞ்சது. மத்த ஏழும் அதுக்கு முந்தினது. இந்த வாய்க்கால்கள்ல வர்ற தண்ணியை வயலுக்கு வயல் திறந்து அடைக்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தார். சில ஊர்ல மடைக்குடும்பன்னு பேரு, சில ஊர்ல நீர்பாய்ச்சி. நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணையில இருந்து சொல்லி அனுப்புவார், மண்வெட்டியோட ராத்திரி வரப்புல நடக்கிறது அவர். கூலி அறுப்புல நெல்லா வரும். குளங்கள்ல பாண்டியர் காலத்துக் குமிழித் தூம்பு இருந்தா, தண்ணிக்குள்ள நின்னு அடைப்பைத் தூக்குறதும் ஒரு மனுஷன்தான். திண்ணையில இருந்தவருக்கு அது சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்காக ராத்திரியில பாம்புக்கும் பனிக்கும் நடுவுல நின்னது இன்னொருத்தர்.

நஞ்சைக்கு ஆறு. புஞ்சைக்குக் கிணறு. கிணத்துல கமலை. சின்ன வயசுல கடைசிக் காலத்துக் கமலையை நான் பார்த்திருக்கேன். இரும்புக் கூனை, அதுக்குக் கீழ தோல் வால், வடம், வால்கயிறு, மேல உருளை. ரெண்டு மாடும் சரிவுல இறங்கினா கூனை மேல வரும். வால்கயிறை இழுத்துப் பிடிச்சிருக்கிறதால தோல் வால் மடங்கியே வந்து, மேல வந்ததும் தொட்டியில தண்ணியைக் கொட்டும். திரும்ப மாடு பின்னாலேயே ஏறணும். விடியுமுன்ன ஆரம்பிச்சு வெயில் ஏறுறவரை ஓட்டினாலும் நனையுற நிலம் கொஞ்சம்தான். ஆனா ஒரு கூனை கூட ஆள் பார்க்காம வராது. கிணத்துல தண்ணி எவ்வளவு இறங்கியிருக்குன்னு வடம் நனைஞ்ச அளவே சொல்லிடும்.

அப்புறம் ஆயில் எஞ்சின். கைப்பிடியைச் சுத்தி உயிர் கொடுக்கணும், அதுக்குத் தோள்ல பலம் வேணும். பத்து வயலுக்கு அப்பால இருந்தாலும் டப் டப் சத்தம் காதுல விழும். சத்தம் மாறினா, என்னமோ கோளாறுன்னு ஓடுவாங்க.

கரண்ட் எங்க பக்கம் வந்த கதை தனி. பாபநாசத்துல அருவி விழுற வேகத்தை வச்சு ஹார்வி கம்பெனி 1880-களிலேயே நூல் மில் ஓட்டிச்சு. அதே மலையில அரசாங்கம் அணை கட்டி, 1944-ல பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. பைக்காரா, மேட்டூருக்கு அடுத்து நம்ம மாகாணத்துக்கு அது பெரிய நீர்மின் நிலையம். மலையில ஒருத்தர் மதகைத் திறந்தா சமவெளியில மோட்டார் சுத்தும். யோசிச்சுப் பார்த்தா அதுவும் ஒரு ரிமோட்தான். பொதிகைத் தண்ணி கரண்டாகி, கம்பி வழியா வந்து, எங்க கிணத்துத் தண்ணியை மேல இழுத்துச்சு. மோட்டாருக்குக் கோயம்புத்தூர் இருந்தது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே அங்க மின்மோட்டார் செஞ்சு காட்டிட்டாங்க. 1957-ல மின்சார வாரியம் வந்த பிறகு பம்புசெட் இணைப்பு ஊர் ஊரா பரவுச்சு. 1984-ல சிறு விவசாயிக்கு இலவச மின்சாரம், 1990-ல எல்லா விவசாயிக்கும்.

இலவசம் வந்துச்சு, ஆனா கரண்ட் நாள் பூரா வரலை. மும்முனைக் கரண்ட் பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம்னு முறை வச்சு வந்தது. இங்கதான் பட்டணத்துக்காரங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. எங்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஒரு காயில் உண்டு. கரண்ட் நின்னா காயில் பிடியை விட்டுடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் பச்சைப் பட்டனை ஒரு ஆள் அமுக்கினாத்தான் மோட்டார் ஓடும். மோட்டார்கிட்ட கை வச்சு வேலை பார்த்துக்கிட்டு இருக்கிறவன் மேல அது திடீர்னு சுத்தக் கூடாதுன்னு செஞ்ச பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புதான் எங்களை ராத்திரி ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் நடக்க வச்சுது. மடைக்குடும்பன் நடந்த வரப்புல இப்போ நிலத்துக்காரனே டார்ச் லைட்டோட நடந்தான். கண்ணாடி விரியன் கடிச்சவங்க, ஈரக் கையோட பட்டனைத் தொட்டு ஷாக் அடிச்சவங்கன்னு கிராமத்துக்குக் கிராமம் கதை உண்டு.

அதுக்கு முதல் மாத்து ஆட்டோ சுவிட்ச். கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைப் போட்டுடும். நாங்க தூங்கினோம். ஆனா கரண்ட் வந்த நொடியில ஒரு டிரான்ஸ்பார்மர்ல இருக்குற அத்தனை மோட்டாரும் ஒண்ணாக் கிளம்பினா என்ன ஆகும்? அழுத்தம் படுத்துரும், பீஸ் போயிரும், சில நேரம் மோட்டார் காயிலே கருகிரும். தண்ணி வேணுமோ வேண்டாமோ, மழை பெய்தாலும் மோட்டார் ஓடும்.

இதுல ரிமோட்டைக் கொண்டு வந்தவர் பூனாக்காரர் சந்தோஷ் ஓஸ்த்வால். வயசான தாத்தா மோட்டார் போட ராத்திரி நடந்து போறதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்துச்சாம். அவர் செஞ்ச 'நானோ கணேஷ்' 2009-ல நோக்கியா நடத்துன போட்டியில பரிசு வாங்குச்சு. விஷயம் எளிமை. ஸ்டார்ட்டர் பக்கத்துல சிம் போட்ட ஒரு பெட்டி. நாம கூப்பிட்டு ஒரு எண்ணை அமுக்குறோம். போன்ல ஒவ்வொரு எண்ணுக்கும் ரெண்டு சத்தம் கலந்த தனி ஓசை உண்டு. பெட்டி அந்த ஓசையை வச்சு எந்த எண்ணுன்னு கண்டுபிடிச்சு, நம்ம விரலுக்குப் பதிலா பச்சையோ சிவப்போ அமுக்குது. இதுக்கு முன்னோடி தூரதேசத்துல இருந்தாங்க. 1898-ல டெஸ்லா நியூயார்க்குல கம்பியில்லாமலே ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டினார். 1956-ல ஜெனித் கம்பெனியில ராபர்ட் ஆட்லர் செஞ்ச டிவி ரிமோட்டுல பேட்டரியே கிடையாது. பட்டனை அமுக்கினா உள்ள இருக்கிற அலுமினியக் கம்பியைத் தட்டும், நம்ம காதுக்குக் கேட்காத சத்தம் டிவிக்குக் கேட்கும். சத்தத்தைக் கேட்டு வேலை செய்யிறதுல அதுவும் எங்க பெட்டியும் ஒரு வம்சம்தான்.

இன்னைக்கு எங்க பக்கம் பல கிணத்து மேட்டுல இந்தப் பெட்டி தொங்குது. வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் கொடுக்குது. மூணு முனையும் வருதான்னு சொல்லும். கிணறு வத்தி மோட்டார் வெறுமனே ஓடினா நிறுத்தும். கணவர் வெளியூர்ல வேலைக்குப் போன வீட்டுல பெண்கள் ராத்திரி தனியா தோட்டத்துக்குப் போக வேண்டாம். இதை மட்டமாப் பேசினா வாய் அழுகிப் போகும்.

ஆனா ஒண்ணு பாருங்க. மோட்டார் ஓடுதுன்னு போன் சொல்லும். தண்ணி எங்க போகுதுன்னு சொல்லாது. எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி கல்யாண வீட்டுல இருந்தபடியே மோட்டாரைப் போட்டார். வாழைத் தோட்டத்துல எலி வளை போட்டுக் கரை உடைஞ்சிருந்தது. விடியிறவரை தண்ணி பூராவும் ஓடைக்குப் போச்சு. வாழை காய்ஞ்சு நின்னுச்சு, பக்கத்து வயல் உளுந்து முங்கிடுச்சு. போன்ல எல்லாம் சரியாத்தான் காட்டுச்சு.

கமலையில ஒவ்வொரு கூனையும் கண்ணுக்கு முன்னால வந்தது. எஞ்சினைக் காது பார்த்துக்கிச்சு. மடைக்குடும்பன் திண்ணைக்குத் திரும்பி வந்து, கடைமடை வரை பாய்ஞ்சுதா இல்லையான்னு சொன்னார். குறைஞ்சா ஊரே அவரைத்தான் கேட்கும். கைக்கும் தண்ணிக்கும் நடுவுல தூரம் கூடக் கூட, பதில் சொல்ற ஆள்தான் குறைஞ்சுட்டே வந்திருக்கான். கிணறும் அப்படித்தான் ஆழமாச்சு. நடக்கிற கஷ்டம் இருந்தவரை தண்ணியை எண்ணி இறைச்சோம்.

இப்போ நாங்க நாலு தோட்டக்காரங்க ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். யார் மோட்டாரைப் போட்டாலும், அன்னைக்குத் தோட்டத்துப் பக்கம் இருக்கிறவர் ஒரு நடை போய் வாய்க்காலைப் பார்த்துட்டுச் சொல்லணும். ரிமோட் ஒருத்தர் கையில, கண் இன்னொருத்தர்கிட்ட. முறை வச்சுப் போறோம், அதனால ராத்திரி நடை எப்பவும் ஒரே ஆள் தலையில விழுறது இல்லை.