பிள்ளையைக் கொடுத்தால்தான் வைத்தியம்

பி.காம். படிப்பதால் தணிக்கை அறிக்கைகள் எனக்குப் புதிதில்லை. படித்தால் பெரும்பாலும் தூக்கம்தான் வரும். ஒரே ஒரு அறிக்கை மட்டும் தூங்கவிடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003 ஏப்ரலில் வெளியிட்டது அது.

2001 நிதியாண்டில் 12,700க்கும் மேற்பட்ட பிள்ளைகளை, பெற்றோரே குழந்தைகள் நலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ ஒப்படைத்தார்கள் என்கிறது அந்த அறிக்கை. அந்தப் பெற்றோர் பிள்ளைகளை வெறுத்தவர்கள் இல்லை. பிள்ளைக்கு மனநலச் சிகிச்சை கிடைக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். இதுவும் 19 மாநிலங்களும் 30 மாவட்டங்களும் தந்த மதிப்பீடு மட்டுமே. பெரிய மாநிலங்கள் சில கணக்கே தரவில்லை.

எப்படி இப்படி நடக்கும்? அப்போது தனியார் காப்பீடு பெரும்பாலும் மனநலத்துக்குச் சில நாட்கள் வரை பணம் தந்தது, பிறகு கையை விரித்துவிட்டது. மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் செலவைச் சம்பளக்காரர் தாங்க முடியாது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் சேரலாம் என்றால், பெற்றோரின் வருமானம் வரம்பைத் தாண்டி நிற்கும். பிள்ளை அரசின் பொறுப்புக்குப் போய்விட்டால் அந்த வருமானம் கணக்கில் வராது, வைத்தியம் கிடைத்துவிடும். விலை, பெற்றோர் என்ற சட்ட உரிமை.

இவர்கள் ஏன் முன்பே ஒன்றுகூடிச் சண்டை போடவில்லை என்று கேட்கத் தோன்றும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு கருத்தை எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம், ஆட்டிசத்துக்குக் காரணம் பெற்றோரின் பாசமின்மை என்று புத்தகமே போட்டார். "ஃபிரிட்ஜ் அம்மா" என்ற பட்டப்பெயர் அந்தக் காலத்தில் பரவியதுதான். இரண்டு கருத்துகளும் தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை அம்மாக்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்து வீட்டில்கூட வாய் திறக்க மாட்டார், சங்கம் எங்கே அமைப்பார்?

முதலில் வாய் திறந்தவர்களும் பெற்றோர்தான். பெர்னார்ட் ரிம்லண்ட் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. பெற்றோர்மேல் பழி போடுவது தவறு என்று 1964இல் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே பெற்றோர் சேர்ந்து ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். 1977இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், மனச்சிதைவு வந்த மகன்களின் அம்மாக்கள் ஹாரியட் ஷெட்லரும் பெவர்லி யங்கும் மதியச் சாப்பாட்டுக்குச் சந்தித்துப் பேசினார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து 1979இல் நாமி என்ற தேசிய அமைப்பாக ஆனது.

ஆனால் நாமியின் தொடக்கக் கவனம் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள் மீதுதான். சிறுவர்களின் நிலையைச் சொன்னது ஜேன் நிட்சர் 1982இல் எழுதிய "உரிமை கோரப்படாத குழந்தைகள்" என்ற ஆய்வு நூல். கடுமையான மனநலப் பிரச்சினை உள்ள 30 லட்சம் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையான சேவை கிடைக்கவில்லை என்றார் அவர். 1986இல் போர்ட்லண்ட் நகரில் "குடும்பங்களே கூட்டாளிகள்" என்ற மாநாட்டில் பெற்றோரும் நிபுணர்களும் சமமாக உட்கார்ந்தார்கள். 1989இல் இந்தக் குடும்பங்களுக்கென்றே தனிக் கூட்டமைப்பு உருவானது.

இதிலிருந்து வளர்ந்ததுதான் "பெற்றோர் துணைவர்" என்ற வேலை. தன் பிள்ளையோடு அந்த வழியில் நடந்து வந்த ஒருவர், இன்று அதே வழியில் தவிக்கும் குடும்பத்தோடு நடப்பார். பள்ளிக்கூடக் கூட்டத்தில் பக்கத்தில் உட்காருவார். நெருக்கடி வந்தால் யாரை முதலில் கூப்பிடுவது, வீட்டில் எதை எடுத்து மறைத்து வைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க உதவுவார். மருந்து எழுதித் தர அவரால் முடியாது. ஆனால் "நீ என்ன தப்புச் செய்தாய்?" என்று அவர் கேட்க மாட்டார்.

2013 மே மாதம் மத்திய அரசு, இந்தத் துணைக்கும் மெடிக்கெய்ட் பணம் தரலாம் என்று தெளிவுபடுத்தியது. பணம் வந்தால் பதிவேடும் வரும், நிமிடக் கணக்கும் வரும். ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசுவதற்கு பில் போடுவதா என்று சிலருக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. 2003இல் அந்த 12,700 என்ற எண் வெளியே வந்ததே யாரோ கணக்கெடுத்ததால்தான். பிள்ளையை ஒப்படைத்தபோது அரசுப் பதிவேட்டில் ஏறிய பெற்றோர், பிள்ளையை வீட்டில் வைத்துக் காப்பாற்றும்போதும் ஏறட்டுமே.