பிறப்பு கேட்காத உளி

மரக்காணத்து உப்பளக் காற்று படுகிற ஊர்களில் இரும்பு ஆணிக்கு ஆயுள் குறைவு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஆணி துருவேறிப் பருக்கும். அதைச் சுற்றியுள்ள மரம் கறுத்து வெடிக்கும். ஒரு நாள் கீல் கழன்று கதவு கையோடு வந்துவிடும். இந்தக் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆரோவில்லுக்குப் பக்கத்தில், சம்பந்தர் பாடிய மாகாளத்துக் கோயிலோடு இருக்கிறது இரும்பை. பெயரில் இரும்பு தெரிந்தாலும், இலுப்பை மரத்துக்கு இருப்பை என்று ஒரு பழம்பெயர் உண்டு. ஊர் அந்த மரத்தால் பெயர் பெற்றிருக்கலாம் என்பது என் ஊகம். ஆணியை நம்ப முடியாத இடத்தில் மரத்தை மரத்தோடு சேர்க்கும் வித்தை வளர்ந்ததில் வியப்பில்லை. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு கமாரா, பொதுகே, சோபட்மா என்று இக்கரையின் 3 துறைகளைச் சொல்கிறது. பொதுகே அரிக்கமேடு, சோபட்மா மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அங்கே தனித்தனி மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் பெரிய கலங்கள் இருந்ததாகவும் அக்குறிப்பு சொல்கிறது. கட்டுமரம் என்ற சொல்லே ஒரு செய்முறைக் குறிப்புதான்: கட்டு, மரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து வெயிலில் காயவைத்து, மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். பிரித்துச் சேர்க்க வருவதுதான் நல்ல இணைப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிலத்தில் அதே வேலையைச் செய்தது துளையும் கழுந்தும். வாசல் நிலையின் மூலையைப் பாருங்கள். குறுக்குச் சட்டத்தின் முனையைச் செதுக்கி நாக்கு மாதிரி விட்டிருப்பார்கள், அதுதான் கழுந்து. நிலைக்காலில் அந்த அளவுக்கே துளை. துளையை ஒரு பக்கமிருந்தே பொளிந்தால் மறுபக்கம் சிம்பு பெயரும். அதனால் பாதி ஆழம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். உளியைக் கோட்டின் மேல் வைக்கக் கூடாது, கோட்டுக்கு உள்ளே ஒரு நூல் தள்ளி வைக்க வேண்டும். கோடு கடைசியில் இழைக்க மிச்சம் இருக்க வேண்டும். பிறகு கழுந்தில் போடும் முளைத்துளையை நிலைக்காலின் துளைக்கு நேராகப் போடாமல் இம்மியளவு உள்ளே தள்ளிப் போட்டால், மரமுளையை அடித்து இறக்கும்போது அது இரண்டையும் இழுத்து நெருக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. ஈரக்காலத்தில் மரம் உப்பினால் இன்னும் இறுகும். இதெல்லாம் பட்டறைப் பேச்சாக மட்டும் இருந்ததும் இல்லை. மயமதம் என்னும் வடமொழிச் சிற்ப நூல் மர இணைப்புக்கென்றே தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. அந்த நூலை இரும்பைக்கு அருகே, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்துக்காகப் பதிப்பித்து மொழிபெயர்த்தவர் புரூனோ தாகன்ஸ். ஏட்டில் எல்லாருக்கும் கிடைத்துவிட்ட அறிவு, கையில் மட்டும் தச்சும் கொல்லும் குலத்தொழிலாகக் கொண்ட கம்மாளர் வீட்டுப் பையனுக்கே உரியதாக நின்றது. அப்பனும் மாமனும் அண்ணனும் இருந்த பட்டறையே பள்ளி. கைத்தச்சு தளர்ந்ததற்கு யந்திரத்தையும் பிளைவுட்டையும் சொல்வது வழக்கம். அவை காரணந்தான். ஆனால் ஒரு குடும்பத்துப் பிள்ளை வேறு வேலைக்குப் போனால் அந்த வீட்டுத் தொழில் அங்கேயே நின்றுவிடுகிற ஏற்பாடும் சம அளவு காரணம். எந்த வீட்டாரும் வந்து கற்கும் திறந்த தச்சு வகுப்பு மரபைக் கெடுக்கிறது என்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

தச்சர் வீட்டில் பிறக்காதவருக்கும் தச்சு வரும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே கட்டிடத்தைத் திட்டமிட்டவர் அந்தோனின் ரேமண்ட். 1930களின் இறுதியில் அங்கேயே தங்கி வேலையைப் பார்த்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளை. எம்ஐடியில் கட்டிடக்கலை படித்தவர். தச்சர் வீட்டில் பிறந்தவர் அல்லர். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர். தேக்குப் பலகைகளால் ஆன கோல்கொண்டேயின் நகரும் கதவுகள் இன்றும் காற்றை விடுகின்றன. அமெரிக்கா திரும்பியவரை 1942இல் போர்க்கால அரசு மினிடோகா முகாமில் அடைத்தது. அங்கே ஜப்பானிய முறையில் பயின்ற கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் கையுளியும் இணைப்பும் கற்றார். அப்போது அவருக்கு வயது 37. 1943இல் முகாமிலிருந்து வெளியே வந்தார். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க மரவேலையில் அவர் பெரிய இடம் பெற்றார். கம்பிவேலிக்குள், ரத்த உறவு ஏதும் இல்லாமல், ஏறக்குறைய ஓராண்டில் நடந்த வகுப்பு அது. அவர் ஏற்கெனவே வரைபடம் படித்தவர், மரத்தோடு பழகியவர் என்று சொல்லலாம், சரிதான். நான் சொல்ல வருவது அவர் வெறுங்கையோடு வந்தார் என்பதல்ல, அவரை யார் மகன் என்று கேட்டுச் சேர்க்கவில்லை என்பதே.

தமிழ்நாட்டில் கைத்தொழிலைக் கற்பிப்பது என்றதும் பிள்ளையைப் பெற்றோர் தொழிலிலேயே கட்டிப்போடும் ஏற்பாடோ என்று ஒரு சந்தேகம் எழும், எழ வேண்டும். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு தச்சையும் அடிப்படைத் தொழில்களில் சேர்த்தது. அது பிள்ளையின் தொழிலைப் பெற்றோர் தொழிலோடு கட்டவில்லை. ராஜாஜி 1953இல் கொண்டுவந்த திட்டம் அப்படி அல்ல: பள்ளி நேரம் 3 மணி, மிச்ச நேரம் பெற்றோர் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அதே வழக்கு 70 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் தச்சு உள்ளிட்ட 18 தொழில்களுக்கு வந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சுட்டித் தமிழ்நாடு அதை மறுத்தது. குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல், 35 வயது நிறைந்தவர்களுக்கென்று கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. இரண்டு எதிர்ப்பும் உளியை எதிர்த்தவை அல்ல. உளியைப் பிறப்போடு சேர்த்துக் கட்டிய கயிற்றை எதிர்த்தவை. அந்தக் கயிற்றை அறுத்தவர்களுக்குத்தான் திறந்த தச்சு வகுப்பை ஆதரிக்கும் உரிமை அதிகம்.

கடினமான மறுப்பு வேறொன்று. சில நாள் வகுப்பில் தச்சு வராது, வருவது பொழுதுபோக்கு, கட்டணம் கட்டக்கூடியவர் ஒரு முக்காலி செய்து எடுத்துப்போவார், ஊர்த் தச்சன் மகன் மோட்டார் வாளோடு பிளைவுட் அறுப்பான். பாதி உண்மை. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எது நாளை கோணும் என்பதை வருடங்கள்தான் சொல்லித் தரும். ஆனால் உளியைத் தீட்டவும், கோட்டை விடாமல் பொளியவும், தப்பான துளையைப் பார்த்து ஏன் தப்பு என்று சொல்லவும் சில வாரம் போதும். அவ்வளவு தெரிந்தவர் நல்ல நிலைக்கு நல்ல கூலி கொடுப்பார். தெரியாதவர் விலை பேரம் பேசுவார். வகுப்பு தச்சரை உண்டாக்காவிட்டாலும், தச்சு வேலையை மதிப்பிடத் தெரிந்தவரை உண்டாக்கும். கட்டுமரத்துக்கு அந்த ஆதரவு கிடைக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகு கரையை நிரப்பியபோது, கட்டும் கை பெரும்பாலும் அடுத்தவரிடம் மாறாமலே ஓய்ந்தது.

பிறப்பு கேட்காத தச்சு வகுப்பு நமக்குப் புதிதும் அல்ல. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் ஐடிஐக்களில் மரவேலைப் பிரிவு இருக்கிறது. துளையும் கழுந்தும் அங்கே பாடம்தான். ஆனால் அங்கே கற்பிக்க டிப்ளமோ அல்லது தொழிற்சான்றும், பயிற்றுநர் சான்றும் வேண்டும். இரும்பைப் பக்கத்தில் நாற்பது ஆண்டு நிலை செய்த ஒருவரை அந்த விதி வாசலிலேயே நிறுத்திவிடும். கற்க வருபவரிடம் பிறப்பைக் கேட்பதை நிறுத்திவிட்டோம். கற்பிக்க வருபவரிடம் காகிதத்தைக் கேட்கிறோம். மினிடோகாவின் ஹிகோகாவா இன்று நம் ஐடிஐ ஒன்றில் வேலை கேட்டால், மனுவை வாங்கவே மாட்டார்கள்.