ஒலிபெருக்கி வழியே வந்த இணையம்

கிராமங்களுக்கு இணையம் சென்ற கதையை எழுதுவோர் பெரும்பாலும் கம்பிகளின் கதையையே எழுதுகின்றனர். 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின் முன்னேற்றம்கூட இத்தனை கிலோமீட்டர் ஒளியிழை, இத்தனை ஊராட்சிகள் என்றே அளக்கப்பட்டது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, புதுச்சேரியைச் சுற்றிய சில ஊர்களில் இணையம் கம்பியின்றி, ஏறத்தாழ வாய்மொழியாகவே நுழைந்தது என்பது பலருக்கு இன்று நினைவில் இல்லை.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் அம்முயற்சியைத் தொடங்கியது. வி. பாலாஜியும், தகவலியல் அறிஞரான சுப்பையா அருணாச்சலமும் அதனோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். கணினியை இறக்கும் முன் அவர்கள் செய்த முதல் வேலை, ஊர் மக்கள் ஒரு செய்தியை யாரிடம் கேட்டு அறிகின்றனர் என்று விசாரித்ததுதான். கடைக்காரர், சந்தை, உரம் விற்பவர் என்று விடை வந்தது. அரசு அலுவலர்கள் அந்த வரிசையில் முன்னே இல்லை என்பதில் நமக்கு வியப்பு ஏதும் இருக்கப்போவதில்லை.

வில்லியனூர் நடு மையமாயிற்று. அங்கே மட்டும் தொலைபேசி வழியே இணைய இணைப்பு. மற்ற ஊர்களுக்கு இருவழி வானொலிக் கருவிகள். மின்சாரம் நம்பத்தகாதது என்பதால் சூரியத் தகடுகள். நெல்லின் விலை, பூச்சி மருந்து, மருத்துவர் வரும் நாள், அரசு உதவித் திட்டங்கள் ஆகியவற்றைத் திரட்டித் தமிழாக்கி அனுப்புவதே வில்லியனூரின் பணி. பின்னர் 'நம்ம ஊரு செய்தி' என்றொரு சிற்றிதழும் அங்கிருந்து வெளிவந்தது. தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியேற்றத்தில் அலைந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் இப்பணியின் கடுமை புரியும்.

வீராம்பட்டினத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரிக்கமேட்டுக்கு அருகிலுள்ள மீனவர் ஊர் அது. ரோமானியக் கலங்களின் சரக்கு இறங்கிய கரையை ஒட்டியது. அவ்வூர் மீனவர்கள் கேட்டது ஒன்றே: நாளை அலை எவ்வளவு உயரம்? அன்று அதற்கு எளிதில் கிட்டிய விடை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. வங்காள விரிகுடாவுக்கான முன்கணிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழில் சொல்லி அனுப்ப, ஊர் ஒலிபெருக்கி அதைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தது. மரத்தை இழுக்கும் முன் ஒருவர் காதுகொடுத்தால் போதும். எழுத்தறிவோ கணினியோ அவருக்குத் தேவைப்படவில்லை. வல்லரசொன்று தன் போர்க்கப்பல்களுக்காகக் கணித்த அலை, கட்டுமரத்துக்கும் அதே அலைதானே.

ஏம்பலத்தில் சிக்கல் வேறு வகையானது. அங்கே மையம் கோயிலையொட்டிய அறையில் அமைந்தது. தலித்துகளும் மாதவிலக்கில் இருந்த பெண்களும் அக்கோயிலுக்குள் செல்ல இயலாது. ஆனால் கணினி இருந்த அறைக்குத் தனி வாசல் இருந்தது. அதில் எவரும் நுழையலாம். 2000இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இவ்விரு வாசல்களைப் பற்றி எழுதியபோது ஏம்பலம் உலகுக்குத் தெரிந்தது. இடம், மின்சாரம், தன்னார்வலர் ஆகியவற்றை ஊரே தர வேண்டும், எல்லாச் சாதியினரும் வர இயல வேண்டும் என்பது நிறுவனம் வைத்த நிபந்தனை. உள் வாசல் அப்படியே இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் கணினி சாதியை ஒழித்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. ஆயினும் மையத்தை எந்தச் சுவருக்குப் பின்னே வைப்பது என்பதைப் பொறியாளரிடம் விட்டுவிடாமல், அதையே முதல் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் இத்திட்டத்தின் மெய்யான சாதனை அதுவே.

இதற்கு இன்னொரு சான்று மேலூரில் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, மதுரை மாவட்டத்தின் அப்பகுதியில் 2001 முதல் இணையக் கூடங்கள் தோன்றின. பலவற்றைத் தனியார் தொழிலாக நடத்தினர். வருவாய் போதாமல் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. தொழில்நுட்பம் வில்லியனூரைவிட மேம்பட்டதுதான். அக்கூடங்களை ஆராய்ந்தவர்கள், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு அருகில் கூடம் இருந்தால், அதை அவர்களில் ஒருவரே நடத்தினால், அவர்கள் வருகை கூடுகிறது என்று கண்டறிந்தனர். ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டது என்று சொல்லும்போது, அந்த அலுவலகப் படியை யார் தயங்காமல் ஏறுகிறார் என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை, மீனவர் ஊரான நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை செய்த அவ்வூர்க்காரர், ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து வீட்டை அழைத்திருந்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,600க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் ஒருவரும் இறக்கவில்லை.