விசை ஒருங்கிணைப்புக் கோட்பாடும் சென்னையும்

ஈர்ப்பு, மின்காந்தம், வலிய அணுக்கரு விசை, மெலிய அணுக்கரு விசை ஆகிய நான்கையும் ஒரே கோட்பாட்டில் விளக்க இயற்பியலர் மேற்கொண்டுள்ள தேடல் விசை ஒருங்கிணைப்பு எனப்படுகிறது. இவற்றில் மின்காந்தமும் மெலிய விசையும் இணைந்துவிட்டன என்பதற்கு மட்டுமே சோதனைச் சான்று உண்டு. இத்தேடலின் தொடக்கக் கட்டத்திலும் இன்னும் முடியாத ஈர்ப்புச் சிக்கலிலும் சென்னைக்குப் பங்குண்டு.

மெலிய விசை

மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இ. சி. ஜி. சுதர்சன், 1957-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தம் ஆசிரியர் ராபர்ட் மார்ஷக்குடன் சேர்ந்து ‘வி–ஏ’ கோட்பாட்டை வகுத்தார். மெலிய விசை இடக்கைத் துகள்களையும் வலக்கை எதிர்த்துகள்களையும் மட்டுமே பாதிக்கும் என்பது அதன் சாரம். அன்று கையிலிருந்த நான்கு சோதனைகளின் முடிவுகள் இதற்கு முரணாக இருந்தன. பிழை அச்சோதனைகளில்தான் இருக்க வேண்டும் என்றனர் இருவரும். மறுசோதனைகள் அவர்கள் பக்கமே நின்றன. ஷெல்டன் கிளாஷோ, அப்துஸ் சலாம், ஸ்டீவன் வைன்பர்க் ஆகியோர் 1979-இல் நோபல் பரிசு பெற்ற மின்–மெலிய கோட்பாட்டுக்கு இது அடிப்படையானது. அக்கோட்பாடு முன்கூட்டிச் சொன்ன டபிள்யூ, இசட் துகள்கள் 1983-இல் செர்ன் ஆய்வகத்தில் பிடிபட்டன.

ஏகாம்ர நிவாஸ்

சென்னை மயிலாப்பூரின் லஸ் சர்ச் சாலையில் இருந்த ‘ஏகாம்ர நிவாஸ்’, அரசியல் சட்ட வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் இல்லம். அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் அந்த வீட்டிலேயே மாணவர்களுக்குக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960-இல் நீல்ஸ் போர் அங்கு வந்து சென்றார். அக்கருத்தரங்கின் தொடர்ச்சியாக உருவான கணித அறிவியல் நிறுவனத்தை 1962 ஜனவரி 3 அன்று சுப்பிரமணியன் சந்திரசேகர் தொடங்கிவைத்தார். இப்போது அது தரமணியில் இயங்குகிறது. 1980-களில் சுதர்சன் அதன் இயக்குநராக இருந்தார்.

ஈர்ப்பு

ஈர்ப்பைக் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவரும் கோட்பாடுகளை நேரடியாகச் சோதிக்கும் ஆற்றல் எந்தத் துகள்முடுக்கிக்கும் இல்லை. எனவே கருந்துளையின் என்ட்ரோபியைக் கணக்கிடுவதே அவற்றுக்கு உரைகல்லாகிவிட்டது. அது கருந்துளையின் பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1970-களில் பெக்கன்ஸ்டைன், ஹாக்கிங் கண்ட விதி. இந்த விதியோடு சேர வேண்டிய சிறு திருத்தத்தை, அத்தகைய கோட்பாடுகளில் ஒன்றான வளையக் குவாண்டம் ஈர்ப்பின் வழியில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரொமேஷ் கவுலும் பார்த்தசாரதி மஜும்தாரும் கணித்தனர். அது பரப்பளவின் மடக்கையை −3/2 ஆல் பெருக்கக் கிடைப்பது. சுதர்சனின் கோட்பாட்டுக்கு மறுசோதனைகள் தீர்ப்பளித்தன. இந்தத் திருத்தத்தைச் சோதித்துப் பார்க்க இன்றுவரை வழியில்லை.