வாடிக்கையாளரை மறுத்தல்

வாடிக்கையாளரை மறுத்தல் என்பது, காசு கொடுத்து வாங்க வந்தவருக்குப் பொருளையோ சேவையையோ தர வணிகர் மறுப்பது. பழைய பாக்கியைத் தீர்க்காமல் மேலும் கடன் கேட்பவரையும் குடித்துவிட்டுத் தகராறு செய்பவரையும் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்க மறுப்பது கடமையே. பிறப்பைக் காட்டி மறுக்கும் உரிமை இந்தியாவில் எந்தக் கடைக்காரருக்கும் இல்லை.

அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. அரசியலமைப்பின் 15(2) பிரிவோ தனியாரின் கல்லாப்பெட்டி வரை வருகிறது: சமயம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கிக் கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபை இதை விவாதித்தபோது, சலவைக்கடையும் முடிதிருத்தகமும் இதில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. சேவை தரும் எவரும் அடக்கம் என்று அம்பேத்கர் விளக்கினார்.

தீண்டாமையின் பெயரால் மறுப்பதற்குத் தண்டனை விதித்தது 1955ஆம் ஆண்டுச் சட்டம். இன்று அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பிறருக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. மிகக் கூர்மையான வாசகம் இது. கிராமத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையில் யாருக்கும் தேநீர் மறுக்கப்படுவதில்லை. பட்டியல் சாதியினருக்குத் தனிக் குவளையும் தனி இடமும் ஒதுக்கப்படுகின்றன. மறுக்காமலே மறுக்கும் தந்திரம் அது. அது குற்றமே என்றும், கடைப்பிடிப்போர் மீது வழக்குத் தொடர வேண்டும் என்றும் 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

வருகிறவரை விரட்டும் கடைக்காரர் வியாபாரத்தை இழப்பார், சந்தையே அவரைத் திருத்திவிடும் என்று வாதிடுவோர் உண்டு. நிலமும் கடனும் ஆதிக்க சாதியின் கையில் இருக்கும் ஊரில் கதை தலைகீழ். சமமாக விற்பவருக்கே அங்கு நட்டம். ஊர் அவர் கடையை ஒதுக்கிவிடும். 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிச் சிறுவர்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அவர் சொன்ன காரணம் ஊர்க் கட்டுப்பாடு. இதைக் காட்டும் காணொளி பரவியதும் அவர் கைதானார். கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது.