பெயரில்லா முகங்கள்: தெருப்படமும் உருவப்படமும்

நிழற்படத்தில் மனித உருவம் முதன்முதலாகப் பதிந்தது ஒரு தெருவில் என்பர். 1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூயி டகேர் என்பவர் உயரமான சன்னல் ஒன்றிலிருந்து புல்வார் து தாம்ப்ள் என்னும் அகன்ற சாலையைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் ஓயாது இயங்கிய சாலை அது. ஆயினும், வெள்ளி பூசிய தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நகர்ந்தவை யாவும் மறைந்து போயின. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரும், அவர் காலடியில் அமர்ந்து பணிசெய்தவருமே எஞ்சினர். தெருவில் எடுத்தமையால் அது தெருப்படம். ஆனால் அசையாது நின்றமையால்தான் அம்மனிதர் படத்தில் இடம்பெற்றார். அசையாது நிற்பதோ உருவப்படத்திற்குரிய இலக்கணம். பின்னாளில் பிரிந்த இரு துறைகளும் ஒரே தகட்டில் ஒன்றாய்ப் பிறந்தன எனலாம்.

தெருப்படம் எது, உருவப்படம் எது என்ற வினா இன்றும் முடிவுறாமல் நீள்கிறது. எடுத்த இடத்தை வைத்துப் பிரிப்பாரும், எடுத்த முறையை வைத்துப் பிரிப்பாரும் உளர். இவ்வினாவை அணுகுவதற்குத் தமிழ்க் கவிதை மரபில் ஓர் அளவுகோல் உண்டு. அகத்திணையில் இன்னார் எனச் சுட்டி ஒருவர் பெயரைக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயர் சுட்டினால் அது புறமாகிவிடும். இந்த அளவுகோலால் நோக்கின், பெயருடைய உருவப்படம் புறத்தின் பாற்படும். பெயரற்ற மாந்தரைக் காட்டும் தெருப்படம், வெளியில் எடுக்கப்பட்டதாயினும், அகத்தின் பாற்படும்.

உருவப்படத்தின் தொடக்க காலம் இதற்குச் சான்று தருகிறது. முதற்காலத்து ஸ்டூடியோக்களில் தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புப் பிடி பொருத்துவார்கள். அதைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்தவர் தம்மைப் படமெடுக்க ஒப்பியவர். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பாரிசில் புகழ்பெற்ற நாதார், கவிஞர் பொதலேரையும் நடிகை சாரா பெர்னாரையும் படமெடுத்தார். அப்படங்களில் முகத்தோடு பெயரும் பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது. அமர்ந்தவரும் எடுத்தவரும் கூடிச் செய்த உடன்படிக்கை அது.

தெருவில் அத்தகைய உடன்படிக்கை இல்லை. 1916இல் நியூயார்க் தெருவில் பார்வையற்ற பெண்ணொருவரைப் பால் ஸ்ட்ராண்ட் படமெடுத்தார். மக்கள் அறியாமல் அவர்களை எடுப்பதற்காகக் காமிராவின் பக்கவாட்டில் பொய்யான லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, வேறெங்கோ நோக்குவதுபோல் நின்று, தெருமாந்தரை எடுத்த காலம் அது. 1917இல் 'காமிரா வொர்க்' இதழின் இறுதி வெளியீட்டில் அப்படம் இடம்பெற்றது. பெண்ணின் முகம் படத்தை நிறைக்கிறது. வடிவத்தில் அது முழுமையான உருவப்படமே. ஆனால் அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருப்பது பெயரன்று. பார்வையற்றவர் என்ற ஒரு சொல்.

1925இல் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தபின் தெரு எளிதில் படமெடுக்கத்தக்கதாயிற்று. ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932இல் பாரிசின் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிப் பாய்ந்த ஒருவரை எடுத்தார். அவருக்குப் பெயருமில்லை, முகமும் தெளிவில்லை. அதே கலைஞர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து, இறுதி நாட்களிலிருந்த ரமண மகரிஷியைப் படமெடுத்தார். கலைஞர் ஒருவரே எனினும் ஒன்று பெயரற்றது, மற்றொன்று பெயருடையது. கருவியோ கலைஞரோ இவ்விரண்டையும் பிரிப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

வாக்கர் எவன்ஸ் இந்த எல்லையை நன்கு உணர்ந்திருந்தார் எனத் தோன்றுகிறது. 1938 முதல் 1941 வரை நியூயார்க்கின் சுரங்க ரயிலில், மேலங்கியின் பொத்தான்களுக்கிடையே காமிராவை மறைத்து, எதிரே அமர்ந்த பயணிகளின் முகங்களை எடுத்தார். அவை நூல்வடிவம் பெற்றது 1966இல். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்தபின், அம்முகங்களை இன்னார் என அடையாளம் காண்பது அரிதாயிருக்கும்.

பெயரற்றது என்று கருதப்பட்ட படங்களில் பெயர் திரும்பி வந்ததும் உண்டு. 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்க வந்த ஏழைத் தாயொருவரை டோரத்தியா லாங்கே படமெடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. அப்படம் ஒரு காலத்தின் வறுமைக்கே அடையாளமாயிற்று. 1978இல் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் தாமே அப்பெண் என வெளிப்படுத்தினார். அப்படத்தால் தமக்கு ஒன்றும் கிட்டவில்லை என்ற மனக்குறையும் அவருக்கு இருந்தது. ராபேர் துவானோ 1950இல் பாரிஸ் நகர மன்றத்தின் முன் எடுத்த முத்தப் படமும் தற்செயலாய் வாய்த்த தெருக்காட்சியாகவே போற்றப்பட்டது. அதிலிருப்பவர் தாங்களே என ஓர் இணையர் வழக்குத் தொடுத்தனர். அதனால் 1990களின் தொடக்கத்தில் உண்மை வெளிப்பட்டது: நாடக மாணவர் இருவரைக் கேட்டுக்கொண்டு எடுத்த படம் அது. தெருவில் எடுத்த உருவப்படம் என்றே அதைச் சொல்லவேண்டும்.

இவ்வினா நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. பிலிப் லோர்கா டிகோர்சியா நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சாரக்கட்டில் விளக்குகளைப் பொருத்தி, தொலைவில் நின்று, நடந்து செல்வோரின் முகங்களை அவர்கள் அறியாமல் எடுத்தார். 2001இல் அவை காட்சிக்கு வைக்கப்பட்டு விற்கப்பட்டன. அவற்றுள் ஒரு முகம் வைதிக யூதச் சமயத்தைச் சார்ந்த முதியவர் ஒருவருடையது. தம் உருவத்தை இவ்வாறு பயன்படுத்துவது தம் சமய நெறிக்கு மாறானது என அவர் வழக்காடினார். கலைப்படைப்பு கருத்துரிமையின் பாற்பட்டது என 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2007இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிபீடமும் காலக்கெடு கடந்தது என்ற காரணத்தால் அவருக்கு எதிராகவே தீர்த்தது. சட்டத்தின் வினா அத்துடன் முடிந்தது. கலையின் வினா முடியவில்லை.

இவ்விடத்தில் மீண்டும் தமிழ் மரபை நினைவுகூரலாம். நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவன் பெயர் சுட்டப்படவில்லை. பிரிவால் வருந்தும் தலைவியே அதில் காட்சி தருகிறாள். ஆயினும் வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுகிறது என்று கூறி, அதைப் புறமென நச்சினார்க்கினியர் கொண்டார். அடையாளம் ஒன்றே பெயரின் வேலையைச் செய்துவிடும் என்பது அவ்வுரையாசிரியர் உணர்த்தும் நுட்பம்.

கவிஞனின் அகத்தலைவி கற்பனையில் பிறந்தவள். அவளுக்குப் பெயர் மறைத்தல் எளிது. தெருப்படத்தில் நிற்பவரோ உயிருள்ள மனிதர். அவர் முகமே அவருடைய வேம்பு. பெயரை நீக்கி எல்லார்க்கும் பொதுவாக்க முயன்றாலும், உறவினரும் அண்டை வீட்டாரும் அம்முகத்தை அறிவர். அவரும் தம்மை அறிவார். ஆகவே பெயரற்ற உருவை நாடும் தெருப்படம், முகத்தை நெருங்குந்தோறும் உருவப்படத்தின் கடமையை ஏற்கிறது. அமர்ந்தவரிடம் நாதார் கேட்டுப் பெற்ற இசைவை, கேட்காமல் எடுத்தவர் வேறு வகையில் ஈடுசெய்தாக வேண்டும். எவன்ஸ் காத்திருந்த ஆண்டுகளை அத்தகைய ஈடாகக் கொள்ளலாம். தெருவில் கண்ட ஏழையை, முதியவரை, பித்தரைக் கவிதையில் வைப்போர்க்கும் இக்கடன் உண்டு.

டகேரின் தகட்டில் காலூன்றி நின்றவர் யார், அவர் காலணியைத் துடைத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. தாம் படமெடுக்கப்படுவதை அவ்விருவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.